பட்டியலில் இல்லாத செண்பகம்

இன்று காலை பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள் அனுப்பியது. கல்யாணமாகிச் சீனாவில் ஒரு பழைய நகரத்தில் இருக்கிறாள். சாம்பல் நிற ஓடு வேய்ந்த கோயில் கூரை, சிவப்பு மதில், அதற்கு முன்னால் இலையே இல்லாத ஒரு மரம். கிளை முழுக்கக் கிண்ணம் கிண்ணமாக வெள்ளைப் பூ. கீழே ஒரு கூட்டம் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. “இந்த மரம் பல நூறு வருசம் பழசாம்டி. இதப் பாக்கறதுக்குன்னே வெளியூர்லேர்ந்து ரயில் ஏறி வர்றாங்க” என்று எழுதியிருந்தாள்.

பாப்பா வாயில் இட்லியை அதக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “ம்மா, இது இன்னா பூ?”

எனக்குத் தெரியவில்லை. குழந்தையிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று உடனே தேடினேன். மக்னோலியா. இன்னும் கொஞ்சம் கீழே போனால், நம் ஊர்ச் செண்பகமும் இதே குடும்பம்தான் என்று போட்டிருந்தது. பெரியம்மா மகளும் சின்னம்மா மகளும் போல.

பொறாமை வரவில்லை. கோபம்தான் வந்தது. பூவின்மேல் இல்லை, அனுப்பியவள்மேலும் இல்லை. படத்தின் மூலையில், அந்த மரத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு கல் வேலி தெரிந்தது. பக்கத்தில் ஒரு பலகை. இந்த மரத்துக்கு வேலி வேண்டும், பலகை வேண்டும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. தோன்றியதை ஒரு தாளில் எழுதியும் இருக்கிறார்கள். அப்படி எழுதியதுதான் என்னைக் குத்தியது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பாப்பா இட்லியைத் தட்டிலேயே துப்பிவிட்டாள். ஒன்றரை சாப்பிட்டாளா, ஒன்றேகாலா என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டேன். என் கோபமெல்லாம் இப்படித்தான், நடுவில் இட்லிக்கு இடம் விட்டுத்தான் நடக்கும்.

நாங்கள் இப்போது ஆரம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. என் பிறந்த வீடு பழவேற்காட்டை ஒட்டி ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குப்பம். கோட்டைக்குப்பம் இல்லை, பசியாவரமும் இல்லை, அந்தப் பக்கத்தில் இன்னொன்று. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அம்மா இன்னும் அங்கேதான் மீன் விற்கிறாள். நான் எழுதப்போய் அவளுக்கு ஏதாவது தொல்லை வந்தால்? இப்படி யோசித்து யோசித்தே பாதி விஷயங்களை விழுங்கியிருக்கிறேன். இதையும் விழுங்கத்தான் பார்த்தேன்.

பழவேற்காடு பழைய துறைமுகம். ஒல்லாந்தர் வந்து கோட்டை கட்டி, துணி வாங்கி விற்று, செத்தும் போன ஊர். அவர்கள் கல்லறைகளில் கப்பலும் எலும்புக்கூடும் செதுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். அதற்குச் சுற்றுச்சுவர் உண்டு, கதவு உண்டு, பலகை உண்டு. செத்தவர்களை நாம் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் கோயில் அந்த அளவுக்குப் பெயர் பெற்றதில்லை. குப்பத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மேட்டில் இருக்கிறது. செம்பாறாங்கல் சுவரை உப்புக்காற்று அரித்து அரித்துத் தேன்கூடு மாதிரி ஆக்கியிருக்கும். மேற்கு மதில் நான் பிறப்பதற்கு முன்பே சரிந்துவிட்டது. முற்றத்தில் ஒரு கிணறு. சுற்றிலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர், அந்த ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதில் வேர் நனைத்துத்தான் செண்பகம் வளர்ந்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் செண்பகம் வராது என்று எங்கள் தாவரவியல் ஆசிரியை சொன்னார். எங்கள் ஊரில் ஒன்று இருக்கிறது என்று நான் எழுந்து சொல்லவில்லை. ஆசிரியை சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நாங்கள் பார்ப்பது வேறு ஏதாவது மரமாக இருக்கலாம் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

ஆனால் அந்த வாசனைக்கு வேறு பெயர் கிடையாது. பங்குனி பிறந்தால் காலையில் ஊர்ப் பக்கத்துக் காற்றில் அது குப்பத்துக்கு வரும். பதினோரு மணிக்குமேல் கடல் காற்று திரும்பி அதைத் தள்ளிவிடும். பிறகு கருவாடும் வலையும்தான். அம்மாவின் மீன் கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகித் தோள் வழியாக இறங்கும், புடவை மாற்றினாலும் அது போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதே அம்மா வருடத்தில் ஒரு நாள் அதே பேருந்தில் ஏறினால், எந்த இருக்கையிலிருந்து வாசம் வருகிறது என்று எல்லாத் தலையும் திரும்பும். அந்த ஒரு நாள் எங்கள் பாடு.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. எல்லாரும் ஒரே இடத்தில் போய் விழுந்தால் வெட்டு குத்துதான். அதனால் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று வைத்துக்கொள்வார்கள். அவரவர் நாளில் புயல் அடித்தால் போனது போனதுதான். அடுத்தவர் நாளில் கை வைக்க முடியாது. அது ஆண்களின் முறை. பெண்களுக்கு ஏரியில் பாடு கிடையாது. மரத்தில் இருந்தது.

பங்குனி முதல் வெள்ளியன்று வலைக் கொட்டகை முன்னால் பெண்கள் கூடி ஒரு பானையில் சீட்டுப் போடுவார்கள். சித்திரை முடிய வீட்டுக்கு ஒரு நாள். அன்றைக்கு அந்த வீட்டுப் பெண் மீன் ஏலத்துக்குப் போகமாட்டாள். விடியும்போதே குளித்துவிட்டு மரத்தடிக்குப் போவாள். துறட்டிக்கு எட்டுவதைப் பறிக்கலாம், விழுந்ததைப் பொறுக்கலாம், மேலே ஏறக் கூடாது. முதல் பூ சாமிக்கு. அதன்பிறகு பத்து மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஏன் பத்து மணி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கட்டிக் கொடுத்த பெண்கள் அன்றைக்கு வருவார்கள். ஊருக்குள்ளிருந்து ஜமீலா அக்கா வருவாள். பனையோலையில் மூடி போட்ட பெட்டி பின்னுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, பூ வைக்க அவள் பெட்டிதான். அவள் கோயிலுக்குள் வரமாட்டாள். இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா இந்தப் பக்கம். நடுவில் மதில்மேல் பெட்டி திறந்திருக்கும். இரண்டு பேரும் பூவைப் பார்த்துக்கொண்டே மாமியார்களைப் பற்றிப் பேசுவார்கள்.

இப்படி ஒழுங்காக இருந்த இடத்தில் திருடியவள் நான். மூன்றாம் வகுப்பு படித்தேன். அன்றைக்கு ராணி அத்தையின் பாடு. ராணி அத்தை அம்மாவுக்கு நாத்தனார் முறை. குரல் எடுத்தால் அக்கரை வரைக்கும் கேட்கும். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் மதிலுக்கு வெளியே, மண்ணில், ஒரே ஒரு பூ கிடந்தது. மதிலுக்கு வெளியே விழுந்தது கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அதை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினேன். மத்தியானம் திறந்தபோது வகுப்பு முழுக்க வாசனை. தயிர்ச்சோறு கசந்தது. பின் வரிசையில் ராணி அத்தையின் மகள் உட்கார்ந்திருந்தாள். வேறென்ன வேண்டும்.

சாயங்காலம் வலைக் கொட்டகை முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு பூவுக்கு.

“கொயந்த எடுத்துச்சி, இன்னா இப்ப” என்றாள் யாரோ.

“இன்னிக்கி ஒரு பூ. நாளிக்கு ஒரு கிளை. அப்பால மரமே எங்கூட்டுதும்பா” என்றாள் ராணி அத்தை. “டப்பால போட்டு மூடிக்கினு போயிருக்கா பாரு. கொயந்தையாம் கொயந்த. இவ ஆத்தாகாரிக்கே இந்த மூளை கெடையாது.”

தள்ளி உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா சிரித்தார். “ஒரு பூவுக்கே இவ்ளோ பஞ்சாயத்துன்னா, எறாலுக்கு நாங்க தலையத்தான் வெட்டிக்கணும்.”

“நீ வாய மூடிக்கினு வலையப் பாருண்ணா. உன் பொண்ணு லட்சணந்தான் பேசிக்கினு கீறோம்” என்றாள் அத்தை.

அம்மா என்னைப் பார்த்தாள். மீன் கூடையை அப்போதுதான் இறக்கியிருந்தாள். “எடுத்தியா?”

“எடுத்தேன்.”

“அப்ப பேச இன்னா கீது. கடைசிப் பாடு எங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா கை கழுவப் போய்விட்டாள்.

அதுதான் அபராதம். தப்புச் செய்த வீட்டுக்குச் சீட்டு இல்லை. சித்திரையின் கடைசி நாள், மரம் ஏறக்குறைய காலியான பிறகு. அந்த வருடம் எங்கள் நாளில் நாலே நாலு பூ இருந்தது, அதில் ஒன்றை எறும்பு தின்றிருந்தது. சாமிக்கு ஒன்று போக இரண்டுதான் மிச்சம், எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். அம்மா அசையவில்லை. “பூ இல்லன்னா எழுந்து போயிடுவியா? நம்ம நாளு இது.” பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஜமீலா அக்காவும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு நான் யாருடைய பொருளையும் தொட்டதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாள் என் மடியில் பறந்து விழுந்தால்கூட மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம்தான் கடைசியில் என்ன செய்தது என்று அவருக்கு முழுதாகத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரையில், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கோயிலைச் சீரமைக்கப் போகிறோம் என்று ஊரில் ஒரு குழு கிளம்பியிருந்தது. அதன் செயலாளர் வீடு தேடி வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், யாரையும் ‘மா’ போடாமல் பேசமாட்டார்.

“நீ படிச்ச பொண்ணு மா. கோயில்ல பழசு இன்னா இன்னா கீதுன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடு. லிஸ்ட்ல கீறத ஒருத்தனும் தொடமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு.”

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண், பொருள், அளவு, நிலை. அம்மாவின் சேலைத் தூளியில் பாப்பாவைச் செண்பகக் கிளையில் தொங்கவிட்டு, அதன் நிழலிலேயே உட்கார்ந்து எழுதினேன். பல் முளைக்கிற காய்ச்சல் அவளுக்கு. ஒரு பொருள் எழுதுவேன், எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், அடுத்த பொருள் எழுதுவேன். பலிபீடம். விளக்குத் தூண், மேல்பாகம் இல்லை. கல்வெட்டு, இரண்டு. கிணறு, கல் தொட்டி, வெண்கல மணி. கதவுக்குப் பக்கத்தில் பாதி உடைந்த ஒரு உரல் கிடந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். விட்டுவிட்டால் பிறகு யாராவது கேட்பார்களே என்று அதையும் எழுதினேன். நிலை: சேதம்.

அப்போது ஒரு பூ தாளின்மேல் விழுந்தது. மஞ்சளும் இல்லாமல் காவியும் இல்லாமல் அந்த நிறம். உரல் என்ற சொல்லின்மேல். அன்றைக்கும் ராணி அத்தையின் பாடுதான். நான் பதறிப்போய் அதைக் காம்போடு எடுத்து, எழுந்து போய், மதிலோரம் உட்கார்ந்திருந்த அத்தையின் பெட்டியில் போட்டேன்.

“பரவாயில்லியே, திருந்திட்ட” என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து பட்டியலை முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பூவைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தேன். மரத்தை எழுதவில்லை.

எழுதத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அது பொருள் இல்லை. பழசு என்று கேட்டால் அதை யார் சொல்வார்கள். அதன் முறை ஒரு நோட்டில் வருடா வருடம் எழுதப்படுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு நாள் இருக்கிறது. அதைத் தனியாக ஒரு வரிசை எண் போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் தோன்றியிருக்காது. இப்படி எனக்கு நானே வக்கீல் வேலை பார்க்கிறேன். சில நாள் நம்புகிறேன். சில நாள் இல்லை.

போன தை மாதம் அம்மா கூப்பிட்டாள். அவள் மத்தியானத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. “செம்பகத்த அறுத்துட்டாங்க” என்றாள். உடனே வைத்துவிட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பெண்கள் எல்லாரும் மீன் ஏலத்தில் இருந்த நேரம் பார்த்து ரம்பம் வந்திருக்கிறது. அவர்கள் திரும்பி வருவதற்குள் மரம் துண்டு துண்டாக லாரியில் ஏறிவிட்டது. ராணி அத்தை கூடையோடு லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தாளாம். “ஏத்திக்கினு போறதுன்னா எம்மேல ஏத்திக்கினு போ.” நாலு பேர் அவளைப் பாயோடு தூக்குவது போலத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டார்கள். கூடையிலிருந்த கெளுத்தியெல்லாம் மண்ணில்.

ஒரு பூவுக்குக் கூடிய பஞ்சாயத்து எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்டார்கள், நானும் பதில் சொன்னேன். மரத்துக்கு யாரை நிற்க வைத்தார்கள்? யார் பதில் சொன்னார்கள்?

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறன்று போனேன். தூசியில் பாப்பாவைக் கூட்டிப் போகலாமா கூடாதா என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் யோசித்துவிட்டு, வாயில் கைக்குட்டை கட்டிக் கூட்டிப் போனேன். முற்றம் முழுக்க சிமெண்டுக் கற்களை அடுக்கிப் பாவியிருந்தார்கள். இடிந்த மதில் இப்போது இல்லை, அது வழியாகத்தான் கார் உள்ளே வருகிறது. மரம் நின்ற இடத்தில் மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். கல்லறை பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்காம். ஆறு கார் நிற்கலாம். நான் போனபோது ஒன்று நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் உரல் இருந்தது. அந்தப் பாதி உரல். புதிதாகச் சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள்.

செயலாளர் வந்தார். நான் கேட்கிற முகத்தோடு நின்றேன் போலிருக்கிறது, அவரே ஆரம்பித்தார். “நானும் மேஸ்திரிய கேட்டேன் மா. லிஸ்ட்ட காட்றான். நீ எழுதுனதுதான். உடஞ்ச உரல் கூட எழுதியிருக்க, எவ்ளோ பத்திரமா வச்சிருக்கோம் பாரு. மரம் அதுல இல்லியே.”

“மரத்த லிஸ்ட்ல எழுதணும்னு யாருண்ணா சொன்னாங்க?”

“அதான் மா, நானும் சொல்லல, நீயும் எழுதல. வுடு.” குரலை இறக்கினார். “குப்பத்துல யாருகிட்டயும் இத நான் சொல்லல. நீ சங்கடப்படுவியேன்னு. மனு கினு போடாத. போட்டீன்னா அந்த லிஸ்ட்டத்தான் நாங்க காட்டணும்.”

பாப்பாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. அத்தனை பெண்களின் மரத்தை அறுத்துவிட்டு, அறுத்த பழியை ஒரு தாளில் மடித்து என் பையில் வைத்துவிட்டு, அதை எனக்குச் செய்த உதவி மாதிரி பேசினார். அதைவிட எரிச்சல், நான் “சரிண்ணா” என்று சொன்னது. சொன்னேன். வாரக்கணக்கில் வாயைத் திறக்கவும் இல்லை. அம்மா ஒவ்வொரு முறை பேசும்போதும் குழுவைத் திட்டுவாள், “நீ ஒரு மனு எழுதேன், படிச்சவதானே” என்பாள். பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது என்று பேச்சை மாற்றுவேன். பாப்பாவுக்கு உடம்பு சுடவில்லை.

பங்குனி முதல் வெள்ளிக்கு முந்தின நாள் அம்மா கூப்பிட்டாள். “சீட்டுப் போடறாங்களாம். வரியா?”

“மரமே இல்லியேம்மா.”

“நாளு கீதே” என்றாள்.

போனேன். வலைக் கொட்டகை முன்னால் எல்லாரும் இருந்தார்கள். பானை இருந்தது. யாருக்கும் கையை உள்ளே விட மனம் வரவில்லை. ராணி அத்தை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு குழுவை ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் அம்மா இந்தப் பெண்கள் நடுவே நாளைக்கு எப்படிக் கூடையை இறக்குவாள்? சொல்லாவிட்டால் அந்தச் சிரித்த முகம் ஆயுசுக்கும் என்னைக் கையில் வைத்திருக்கும். பாப்பாவை அம்மா மடியில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

“அத்தை, லிஸ்ட் எழுதுனது நானு.”

“எந்த லிஸ்ட்டு?”

சொன்னேன். செயலாளர் கேட்டது, நான் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியது, அவர் சொன்னது, நான் சரி என்றது, எல்லாம். நடுவில் அழுகை வந்ததால் சில இடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா பாப்பாவின் தலையில் கை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி அத்தைதான் கேட்டாள். “உரல எழுதுன?”

“எழுதுனேன்.”

“உடஞ்ச உரலு.”

“ஆமா.”

“மரத்துல தூளி கட்டிட்டு, மரத்துக்குக் கீய குந்திக்கினு, உரல எழுதியிருக்கா” என்று அத்தை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் யாரோ தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதைக் கேட்டு எனக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டே சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை.

“அவன் தெரிஞ்சிக்கினேதான் உன்ன எழுத வச்சிருக்கான். மரம் வோணாம்னு மொதல்லயே முடிவு பண்ணவன் லிஸ்ட்டுல இன்னா இருந்தா இன்னா. இருந்திருந்தா தாள கிழிச்சிருப்பான்.” பிறகு நோட்டைத் திறந்தாள். “ஆனா நீ எழுதல. அது தப்புதான். கடைசிப் பாடு உனக்கு.”

அம்மா நிமிர்ந்தாள். “அவ கட்டிக் குடுத்த பொண்ணு. அவளுக்கு ஏது பாடு?”

“இப்ப கீது” என்றாள் அத்தை. நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினாள். “உன் பேர நீயே எழுது. ஒண்ணும் வுட்றாம எழுது.”

எழுதினேன். அதன்பிறகுதான் பானைக்குள் கை போனது.

அடுத்த நாள் விடியும்போது முதல் சீட்டு எடுத்தவள் குளித்துவிட்டுப் பனையோலைப் பெட்டியோடு போய் மரம் நின்ற இடத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் கோட்டுக்கு நடுவில். போராட்டம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அவள் நாள், அதனால் உட்கார்ந்தாள். மறுநாள் அடுத்த வீட்டுப் பெண். ஜமீலா அக்கா உட்காரும் கல் மதிலோடு போய்விட்டதால், அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொள்கிறாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்கள் வந்து ஹாரன் அடித்தன. அன்றைக்கு ராணி அத்தையின் பாடு. கண்ணாடியை இறக்கி, தள்ளி உட்காரும்மா என்று ஒருவர் சொன்னாராம். “இன்னிக்கி என் நாளு. நாளிக்கு வந்து நாளைக்காரிய கேளு” என்றாளாம் அத்தை. பத்து மணி வரைக்கும் ஒரு காரும் உள்ளே வரவில்லை. செயலாளர் வந்து ‘மா, மா’ என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு எந்த நாளும் இல்லை. கடைசிப் பாடு கொடுக்கவும் வழியில்லை. அவரைப் போன்றவர்களை எந்த நோட்டில் எழுதுவது என்று எங்கள் பெண்களுக்குத் தெரியவில்லை.

நான் மனு எழுதி அனுப்பிவிட்டேன். பட்டியலில் நான் மரத்தை எழுதாததையும் அதிலேயே எழுதினேன். எந்தப் பதிலும் இல்லை. வரும் என்று அம்மா நம்புகிறாள். எனக்குத் தோன்றவில்லை, அவளிடம் சொல்லவும் இல்லை.

சீனாவிலிருந்து இன்னொரு செய்தி வந்திருக்கிறது. “உங்க ஊர்ல இப்ப என்னடி பூ?” காலையிலிருந்து அதற்குப் பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.

சித்திரையின் கடைசி நாள் என்னுடையது. முதல் பேருந்தைப் பிடித்தால் அங்கே போய்ச் சேர வெயில் வந்துவிடும், அதனால் முந்தின நாளே போய் அம்மா வீட்டில் தங்க வேண்டும். பாப்பாவுக்குத் தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து. பெட்டி அம்மாவிடம் இருக்கிறது. சாமிக்குப் போட எதுவும் இருக்காது. பாப்பா, பூ எங்கே என்று கேட்பாள். அந்தக் கோடுகளுக்கு நடுவே அவளை மடியில் வைத்துக்கொண்டு, கிளை இருந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

எனக்குப் பிறகு நோட்டில் பெயர் இல்லை. பத்து மணிக்கு நான் எழுந்தால், அந்த இடத்தில் ஒரு கார் வந்து நிற்கும்.